நாற்றுமுடியும் நினைவகமும்

நடவு நாளில் வரப்பில் வந்து நிற்கிறவர் கண்ணில் முதலில் படுவது வரிசையாகக் குனிந்து நடுகிற பெண்களின் கைகள்தான். அவர்கள் வயலில் இறங்குவதற்கு முன்பே ஒரு வேலை முடிந்திருக்கும். நாற்றங்காலில் பறித்துக் கட்டிய முடிகளை ஆட்கள் தலைச்சுமையாகக் கொண்டுவந்து, சேற்றில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வீசிவிட்டுப் போயிருப்பார்கள். வெளியூர்க்காரருக்குத்தான் அது அங்கொன்றும் இங்கொன்றும். வீசுகிறவரிடம் கணக்கு இருக்கிறது. கையிலுள்ள முடி தீர்கிற இடத்தில், நடுகிறவர் எட்டினால் அடுத்த முடி அகப்பட வேண்டும். கணக்குத் தப்பினால் முழங்கால் சேற்றில் வரப்புவரை போய் எடுத்து வரவேண்டும். பொழுதில் பாதி நடையிலேயே கழிந்துவிடும். திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் வயலில், பள்ளிக்கூட விடுமுறையில் ஆர்வக்கோளாறாக நான் வீசிய முடிகளைப் பார்த்துவிட்டு ஓர் ஆயா சொன்னார்: “தம்பி, இன்றைக்கு நடுகிற கூலியைவிட நடக்கிற கூலிதான் அதிகம் கேட்கப்போகிறேன்.”

இப்போது நான் மின்னணுவியல் பாடம் எடுக்கிறவன். செயற்கை நுண்ணறிவுக்கான சில்லுகளைப் பற்றி ஒவ்வொரு ஆண்டும் வகுப்பில் பேச ஆரம்பிக்கும்போது அந்த ஆயாவின் வாக்கியத்தைத்தான் முதலில் சொல்கிறேன். பாடப்புத்தகத்தில் இருபது பக்கம் எடுத்துக்கொள்கிற விஷயம் அதற்குள் அடங்கியிருக்கிறது. கணினிக்குள் கணக்குப் போடுவது மலிவு. கணக்குப் போட வேண்டிய எண்களைக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் செலவு.

இந்த ஒரு விஷயத்தையே பிடித்துக்கொண்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக உழைத்துவருகிறவர் விவியன் ஸீ. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மின்பொறியியல் பேராசிரியர். (நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. அல்ல, மாசசூசெட்ஸ். வகுப்பில் ஆண்டுதோறும் ஒருவராவது கேட்டுவிடுகிறார்.) அவருடைய பணியைப் புரிந்துகொள்ள, அவர் கைவைத்த சிக்கல் எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்க்க வேண்டும்.

2014-இல் ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் மார்க் ஹாரோவிட்ஸ், சில்லு வடிவமைப்பாளர்களின் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் ஓர் அட்டவணையைக் காட்டினார். 45 நானோமீட்டர் நுட்பத்தில் செய்த ஒரு சில்லில் எந்த வேலைக்கு எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்ற கணக்கு அது. அளவு பிக்கோஜூலில், அதாவது ஒரு ஜூலில் லட்சம் கோடியில் ஒரு பங்கில். 8 பிட் முழு எண்கள் இரண்டைக் கூட்ட 0.03 பிக்கோஜூல். 32 பிட் முழு எண்களைக் கூட்ட 0.1. தசமப்புள்ளி வைத்த 32 பிட் எண்களைக் கூட்ட 0.9, பெருக்க 3.7. சில்லுக்குள்ளேயே இருக்கிற 8 கிலோபைட் சிறு நினைவகத்திலிருந்து 32 பிட் எண் ஒன்றை எடுக்க 5. அதே எண்ணைச் சில்லுக்கு வெளியே உள்ள டி-ரேம் நினைவகத்திலிருந்து எடுத்துவர 640.

கடைசி எண்ணை மாணவர்கள் அச்சுப்பிழை என்றுதான் முதலில் நினைப்பார்கள். பெருக்கலுக்கு 3.7, பெருக்க வேண்டிய எண்ணை வெளியிலிருந்து கொண்டுவர 640. நூற்று எழுபது மடங்குக்கு மேல். முழு எண் கூட்டலோடு ஒப்பிட்டால் 6,400 மடங்கு. அதன் பிறகு சில்லு நுட்பம் பல தலைமுறை முன்னேறிவிட்டது, எண்களும் மாறிவிட்டன. ஆனாலும் நடுகிற கூலிக்கும் நடக்கிற கூலிக்கும் இடையிலான பள்ளம் தூர்ந்துவிடவில்லை.

இது ஏன் முன்பே பெரிய பேச்சாக இல்லை என்பதற்கும் காரணம் உண்டு. 1974-இல் ஐ.பி.எம். பொறியாளர் ராபர்ட் டென்னார்டும் அவருடைய சகாக்களும் ஒரு விதியை எடுத்துச் சொன்னார்கள். சில்லுக்குள் மின்சாரத்தைத் திறந்து மூடும் நுண்விசையான டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்துக்கொண்டே போனால், அதே பரப்பில் அதிக டிரான்சிஸ்டர்களை அடைத்தாலும் சூடு ஏறாது என்பது அதன் சாரம். முப்பது ஆண்டுகள் தொழில்துறை அந்த விதியின் புண்ணியத்தில் வாழ்ந்தது. மென்பொருள் எழுதுகிறவர் சோம்பலாக எழுதினாலும், அடுத்த ஆண்டுச் சில்லு அதை ஈடுகட்டிவிடும். 2005-ஐ ஒட்டி அந்தச் சலுகை முடிந்தது. மின்னழுத்தத்தை ஓர் அளவுக்குக் கீழே கொண்டுபோனால் அணைத்துவைத்த டிரான்சிஸ்டரிலிருந்தும் மின்சாரம் கசிந்தது. டிரான்சிஸ்டர்களின் எண்ணிக்கை மட்டும் தொடர்ந்து ஏறியது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வேலைவாங்க முடியாத நிலை வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான், எடுத்துக்காட்டுகளைப் பார்த்துத் தாமே கற்றுக்கொள்ளும் கணக்கு முறைகளான நரம்பணு வலைப்பின்னல்கள் மறுபடி தலையெடுத்தன. 2012-இல் படங்களை அடையாளம் காணும் போட்டியில் வென்ற அலெக்ஸ்நெட்டில் ஏறத்தாழ 6 கோடி எடைகள் இருந்தன. எடை என்பது வலைப்பின்னல் பயிற்சியில் கற்றுக்கொண்ட ஓர் எண், அவ்வளவுதான். ஒரே ஒரு படத்தைப் பார்த்து ‘இது பூனை’ என்று சொல்ல அது 70 கோடிக்கு மேற்பட்ட பெருக்கல்-கூட்டல்களைச் செய்தது. ஒவ்வொரு பெருக்கலுக்கும் ஓர் எடை, படத்திலிருந்து ஓர் எண், இதுவரை சேர்ந்த பாதிக் கூட்டுத்தொகை என மூன்று எண்களை எடுத்துவர வேண்டும். கூட்டிய தொகையைத் திரும்ப வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் வரப்புவரை நடந்தால் என்ன ஆகும் என்று அந்த ஆயாவே சொல்லிவிடுவார்.

விவியன் ஸீ இந்தத் துறைக்குச் செயற்கை நுண்ணறிவு வழியாக வரவில்லை. வீடியோ வழியாக வந்தார். அதுதான் அவருக்கு அமைந்த நல்வாய்ப்பு என்று நான் நினைக்கிறேன். டொராண்டோ பல்கலைக்கழகத்தில் 2004-இல் இளநிலைப் பட்டம் பெற்று எம்.ஐ.டி.க்குப் போனார். 2010-இல் முனைவர் பட்டம் பெற்றார். ஆய்வு நெறியாளர் அனந்தா சந்திரகாசன். சென்னையில் பிறந்து, பள்ளிப் பருவத்திலேயே அமெரிக்கா போனவர். குறைந்த மின்சாரத்தில் இயங்கும் சில்லுகள் என்று தனித்துறை உருவாகக் காரணமானவர்களில் ஒருவர். அவர் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது, 1992-இல் இருவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரை இன்றும் பாடத்திட்டத்தில் இருக்கிறது.

அதன் அடிப்படை எளியது. சில்லிலுள்ள டிரான்சிஸ்டர்கள் ஒவ்வொரு முறை நிலை மாறும்போதும் செலவாகும் ஆற்றல் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். அழுத்தத்தைப் பாதியாக்கினால் செலவு கால்வாசியாகும். ஆனால் அழுத்தம் குறைந்தால் வேகமும் குறையும். அப்படியானால் ஒரே சுற்றை விரட்டுவதற்குப் பதில், அதே சுற்றை இரண்டாகப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் குறைந்த அழுத்தத்தில் மெதுவாக ஓட்டலாம். ஒற்றை மாட்டுச் சோடியைத் தார்க்குச்சியால் குத்தி ஓட்டாமல் இரண்டு ஏர் பூட்டி நிதானமாக உழுவது போல. உழவு அதே நேரத்தில் முடியும், மாடும் நுரை தள்ளாது. இடம் கூடுதலாகத் தேவை. சில்லில் இடம்தான் ஆண்டுக்காண்டு மலிந்துகொண்டிருந்ததே.

அந்தப் பட்டறையில் பழகியவர் ஸீ. அவர் பங்கெடுத்து 2009-இல் வெளியான ஒரு வீடியோச் சில்லு, 0.7 வோல்ட்டில் 1.8 மில்லிவாட் மின்சாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு 720பி தரத்தில் வீடியோவை விரித்துக் காட்டியது. ஆனால் ‘இரண்டு ஏர் பூட்டு’ என்ற யோசனை ஓரிடத்தில் முட்டி நின்றது. வீடியோவைச் சுருக்கும் முறையின் கடைசிக் கட்டத்தில் ஒவ்வொரு பிட்டின் பொருளும் அதற்கு முந்தைய பிட்டைப் பொறுத்தது. முந்தையதை அவிழ்க்காமல் பிந்தையதைத் தொட முடியாது. சங்கிலியை இரண்டாகப் பிரித்து இரண்டு பேரிடம் கொடுக்க வழியில்லை. சில்லு எவ்வளவு நன்றாக இருந்தாலும், சுருக்கும் முறையே தடையாக நின்றது. ஸீயின் முனைவர் ஆய்வு இந்த இடத்தைத் தொட்டது: சுருக்கும் திறன் அதிகம் கெடாமல் சங்கிலியைப் பக்கம்பக்கமாக அவிழ்க்கும்படி முறையையே மாற்றியமைப்பது.

அவருடைய வாழ்க்கைப் பணியில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான். சில்லுக்காரர் சில்லைப் பார்த்துக்கொள்ளட்டும், கணக்கு முறை எழுதுகிறவர் அதைப் பார்த்துக்கொள்ளட்டும் என்ற பங்காளிப் பிரிவினையை அவர் ஏற்கவில்லை. நம் பொறியியல் கல்லூரிகளில் இன்றும் மின்னணுவியல் துறை ஒரு மாடி, கணினித் துறை இன்னொரு மாடி. படிக்கட்டில் சந்தித்தால் வணக்கம் சொல்லிக்கொள்வோம்.

2010 முதல் 2013 வரை டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவில் இருந்தார். ஹெச்.இ.வி.சி. என்ற புதிய வீடியோ தரத்தை உலகெங்குமிருந்து பலர் கூடி வகுத்துக்கொண்டிருந்த காலம் அது. 2013-இல் அது நிறைவேறியது. முந்தைய தரத்தில் தேவைப்பட்டதில் ஏறத்தாழ பாதி தரவிலேயே அதே தெளிவுள்ள படம் கிடைக்க வழி பிறந்தது. அதை வகுத்த கூட்டுக் குழுவுக்கு 2017-இல் பிரைம்டைம் எஞ்சினியரிங் எம்மி விருது கிடைத்தது. ஸீ அக்குழுவில் ஒருவர். தொலைக்காட்சி நடிகர்கள் கையில் பார்த்துப் பழகிய பெயர் மின்பொறியாளர்களோடு சேர்ந்து வருவது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகவே இருக்கிறது.

2013-இல் எம்.ஐ.டி.க்கு ஆசிரியராகத் திரும்பினார். அப்போது அவர் கேட்டுக்கொண்ட கேள்வி வீடியோவிலிருந்து நேராகக் கிளைத்தது. கேமரா எடுக்கும் படத்தைச் சுருக்கி அனுப்பப் படப்புள்ளி ஒன்றுக்கு இவ்வளவு ஆற்றல் செலவிடுகிறோம். படத்தை அனுப்பாமல், அதில் என்ன இருக்கிறது என்பதை அங்கேயே புரிந்துகொள்ளவும் அதே ஆற்றல் போதுமா? பழைய முறைகளுக்குக் கிட்டத்தட்ட போதுமானதாக இருந்தது. அலெக்ஸ்நெட் போன்ற வலைப்பின்னல்களுக்கோ நூற்றுக்கணக்கான மடங்கு தேவைப்பட்டது. அந்த இடைவெளியை அடைக்க எழுந்ததுதான் ‘ஐரிஸ்’ என்ற சில்லு. மாணவர் யூ-ஷின் சென், கணினிக் கட்டமைப்பில் பழுத்த அனுபவம் உள்ள ஜோயல் எமர், துஷார் கிருஷ்ணா ஆகியோருடன் சேர்ந்து 2016-இல் வெளியிட்டார்கள்.

ஐரிஸில் 168 சிறு கணக்கிடும் அலகுகள் 12 வரிசை, 14 பத்தி என்று நிற்கின்றன. நடவுப் பெண்களின் அணி போலவே. ஒவ்வோர் அலகின் கைக்கெட்டும் தூரத்திலும் அரைக் கிலோபைட் அளவில் சொந்தச் சேமிப்பு. எல்லோருக்கும் பொதுவாக 108 கிலோபைட் நினைவகம். அதற்கும் அப்பால், சில்லுக்கு வெளியே, டி-ரேம். அவர்களுடைய கணக்கில் சொந்தச் சேமிப்பிலிருந்து எடுக்க ஒரு பங்கு ஆற்றல் என்றால், பக்கத்து அலகிடமிருந்து வாங்க 2 பங்கு, பொது நினைவகத்திலிருந்து எடுக்க 6, டி-ரேமிலிருந்து 200. எண்களை எப்படி வீசிவைத்தால் இருநூறு பங்கு நடை மிக அரிதாக நேரும் என்பதே வடிவமைப்பின் முழுச் சிக்கல்.

அதுவரை வந்த சில்லுகள் பெரும்பாலும் ஏதாவது ஒன்றை மட்டும் அசையாமல் வைத்தன. சில, எடையை அலகிலேயே நிறுத்திவைத்து மற்றதை ஓடவிட்டன. அப்போது பாதிக் கூட்டுத்தொகை அங்குமிங்கும் அலைந்தது. வேறு சில, கூட்டுத்தொகையை நிறுத்திவைத்தன. எடை அலைந்தது. ஒன்றை உட்காரவைத்தால் இன்னொன்று நடக்கிறது. ஐரிஸ் குழு எதையும் தனியாக உட்காரவைக்கவில்லை. எடைகளின் ஒரு வரிசையையும் படத்தின் ஒரு வரிசையையும் சேர்த்து ஓர் அலகிடம் கொடுத்து, அந்த இரண்டு வரிசைகளுக்கும் இடையிலான வேலை முழுவதையும் அங்கேயே முடிக்கச் சொன்னது. எடை வரிசை பக்கவாட்டில் உள்ள அலகுகளுக்கும், பட வரிசை மூலைவாட்டில் உள்ளவற்றுக்கும் பகிர்ந்து போகும். பாதிக் கூட்டுத்தொகை மேலும் கீழுமாக நகர்ந்து முழுதாகும். ஒருமுறை வெளியிலிருந்து கொண்டுவந்த எண் எத்தனை முறை முடியுமோ அத்தனை முறை பயன்பட்ட பிறகே கைவிடப்படும். மற்ற முறைகளைவிட இது 1.4 முதல் 2.5 மடங்குவரை ஆற்றலை மிச்சப்படுத்துவதாக அவர்கள் காட்டினார்கள்.

இன்னொரு நுணுக்கம், பதரைப் பற்றியது. இந்த வலைப்பின்னல்களில் ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் சுழியத்துக்குக் கீழான எண்களெல்லாம் சுழியமாக்கப்படும். ஆகவே அடுத்த கட்டத்துக்குப் போகும் எண்களில் பெரும் பகுதி வெறும் சுழியம். சுழியத்தை எதனால் பெருக்கினால் என்ன? ஐரிஸ் சுழியத்தைக் கண்டால் அந்தப் பெருக்கலைச் செய்யாமல் அலகை அமைதியாக வைத்துவிடும். இதனால் அலகுகளின் மின்செலவு 45 விழுக்காடு குறைந்தது. டி-ரேமுக்கு அனுப்பும்போதும் அத்தனை சுழியத்தையும் எழுதாமல், ‘இங்கே இத்தனை சுழியம்’ என்று குறித்துச் சுருக்கி அனுப்பும். களத்திலேயே தூற்றிப் பதரைத் தள்ளிவிட்டு நெல்லை மட்டும் மூட்டை பிடிக்கிற வேலை. பதரோடு கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் வண்டிக்கூலியும் வீண், அங்கே பேச்சும் கேட்க வேண்டும்.

கிடைத்த பலன் இது: 65 நானோமீட்டர் நுட்பத்தில் செய்த அந்தச் சில்லு, 278 மில்லிவாட்டில், அலெக்ஸ்நெட்டின் முக்கியக் கட்டங்களை நொடிக்கு 34.7 படம் என்ற வேகத்தில் முடித்தது. சாதாரணக் கைப்பேசியின் பேட்டரியில் ஏறத்தாழ 15 வாட்-மணி ஆற்றல் இருக்கும். அது இந்தச் சில்லுக்கு ஐம்பது மணி நேரத்துக்கு மேல் வரும். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் இந்த 278 மில்லிவாட் சில்லின் செலவு மட்டுமே. வெளியே இருக்கும் டி-ரேமின் செலவு அதில் சேரவில்லை. வலைப்பின்னலின் எல்லாக் கட்டங்களும் அதில் இல்லை. செய்திகளில் இப்படிப்பட்ட எண்ணைப் பார்க்கும்போது எதெல்லாம் சேர்ந்தது, எதெல்லாம் விட்டுப்போனது என்று கேட்கிற பழக்கம் வேண்டும். இதை அழுத்திச் சொல்வது நான் மட்டுமல்ல. பிறர் சில்லுகளை எப்படி மதிப்பிட வேண்டும், எந்த எண்களையெல்லாம் சேர்த்து வெளியிட வேண்டும் என்று ஸீயே பல மேடைகளில் பாடம் நடத்தியிருக்கிறார்.

அதே கறாரான பார்வையிலிருந்து வந்ததுதான் 2017-இல் அவர் குழு செய்த ஒரு வேலை. வலைப்பின்னலைச் சிறிதாக்கினால் மின்சாரம் மிச்சம் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். ஸ்குவீஸ்நெட் என்ற வலைப்பின்னலில் அலெக்ஸ்நெட்டின் எடைகளில் ஐம்பதில் ஒரு பங்குதான் உண்டு. ஆனால் அவர்கள் கணக்கிட்டபோது ஸ்குவீஸ்நெட்டே அதிக ஆற்றலைத் தின்றது. எடை குறைந்தாலும், நடுவே உருவாகும் எண்களின் போக்குவரத்து பெருகிவிட்டது. எந்த எடையை வெட்டினால் ஆற்றல் மிச்சமாகும் என்று பார்த்து வெட்டியதில் அலெக்ஸ்நெட்டின் செலவு 3.7 மடங்கு குறைந்தது. துல்லியம் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. ஆள் குறைந்தால் நடவுச் செலவு குறையும் என்று நினைத்து, முடி வீசுகிற ஆளைக் குறைத்த குடியானவரின் கதை.

இதெல்லாம் ஒருவர் மூளையிலிருந்து மட்டும் வந்ததாக எழுதினால் பொய்யாகிவிடும். எண்களை அலகிலிருந்து அலகுக்குக் கைமாற்றிக்கொண்டே கணக்கிடும் யோசனையைக் கணினி அறிஞர்கள் எச்.டி.குங்கும் சார்ல்ஸ் லைசர்சனும் 1970-களின் இறுதியிலேயே எழுதிவிட்டார்கள். கூகுள் 2015-இலிருந்து தன் தரவு மையங்களில் ஓட்டிவந்த டி.பி.யு. சில்லில் 65,536 பெருக்கும் அலகுகள் அந்த முறையில்தான் அணிவகுத்தன. அதுவும் 8 பிட் எண்களோடு. ஹாரோவிட்ஸ் அட்டவணையை மறுபடி பார்த்தால் 8 பிட்டின் லாபம் தெரியும். ஸீயின் தனித்தன்மை வேறு இடத்தில் இருக்கிறது. தரவு மையத்துக்குச் சில்லு செய்கிறவருக்கு மின்சாரம் ஒரு செலவுக் கணக்கு. பேட்டரியில் ஓடும் பொருளுக்குச் செய்கிறவருக்கு அது உயிர்.

பேட்டரியில் ஓடும் பொருள்களை நோக்கியே அவர் மேலும் போனார். எம்.ஐ.டி.யின் சகப் பேராசிரியர் செர்டாச் கரமானுடன் சேர்ந்து 2018-இல் வெளியிட்ட ‘நேவியன்’ சில்லு, உள்ளங்கையளவு டிரோன் தான் எங்கே பறக்கிறது என்பதைக் கேமராவையும் அசைவு உணரியையும் வைத்துக் கண்டுபிடிக்க உதவுவது. செலவு சராசரியாக 24 மில்லிவாட். அடுத்து, ஒன்றைப் பார்க்கக் கண் அசையத் தொடங்க எடுக்கும் நேரத்தைச் சாதாரணக் கைப்பேசிக் கேமராவில் அளந்து நரம்புச் சிதைவு நோய்களைக் கவனிக்க முடியுமா என்ற ஆய்வு. 2023-இல் அவர் குழு போட்ட இன்னொரு கணக்கு பரவலாகப் பேசப்பட்டது. ஓட்டுநர் இல்லாத கார்கள் நூறு கோடி இருந்து, ஒவ்வொன்றும் நாளுக்கு ஒரு மணி நேரம் ஓடி, அதன் கணினி 840 வாட் எடுத்தால், அதனால் வெளியாகும் கரியமில வாயு அன்றைய உலகத் தரவு மையங்கள் அனைத்தும் வெளியிட்ட அளவை எட்டும். கார் ஓடும் செலவு இதில் இல்லை. யோசிக்கிற செலவு மட்டும்.

இங்கே ஒரு சங்கடமான கேள்வி எழுகிறது. சிக்கனம் கூடினால் மொத்தச் செலவு குறையுமா? 1865-இலேயே இங்கிலாந்துப் பொருளியலாளர் ஜெவன்ஸ், நீராவி எந்திரம் சிக்கனமானதும் நிலக்கரிப் பயன்பாடு கூடியதை எடுத்துக்காட்டினார். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. குறுவைக்கு ஆற்றுநீரை மட்டும் நம்பியிருந்த ஊர்களில் பில்டர் பாயிண்ட் என்கிற குழாய்க்கிணறு வந்தது. மோட்டார் நன்றாக இறைக்க ஆரம்பித்தது. தண்ணீர் மிஞ்சியதா, குழாய்கள் பெருகினவா என்பது ஊருக்குத் தெரியும். சிக்கனச் சில்லும் அப்படித்தான் ஆகும் என்றே எனக்குத் தோன்றுகிறது. அதற்காகச் சிக்கனமே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். மோட்டார் வேண்டாம் என்று யாராவது சொன்னார்களா என்ன.

டெல்டாவில் இருந்துகொண்டு இதைப் பார்க்கும்போது வேறொரு பக்கம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. இன்றைய செயற்கை நுண்ணறிவு பெரும்பாலும் மேட்டூர் அணை மாதிரி. எல்லாம் மேலே ஓரிடத்தில் தேங்கியிருக்கிறது. ஜூன் 12-இல் மதகு திறந்தாலும், கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, கடைமடைக்கு வருவதற்குள் என்ன மிஞ்சும் என்பது மதகு பார்க்கிற லஸ்கருக்கும் வாய்க்காலுக்கும் வருணனுக்கும்தான் வெளிச்சம். வேதாரண்யம் பக்கத்து வயலில் நின்று நெல் இலையைப் படம் எடுத்தால், படம் எங்கோ இருக்கிற தரவு மையத்துக்குப் போய், விடை திரும்பி வரவேண்டும். கோபுரத்தில் சிக்னல் இருந்தால் வரும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை ஏறியது. மின்கம்பங்கள் படுத்துவிட்டன. எங்கள் பக்கத்தில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. பக்கத்து ஊர் உறவுகள் உயிரோடு இருக்கிறார்களா என்று அறிய சைக்கிளில்தான் போக வேண்டியிருந்தது. அந்த நாட்களில் ஜெனரேட்டர் வைத்திருந்தவர் வீட்டில் ஊரே கைப்பேசியை வரிசையாக வைத்து மின்னேற்றிக்கொண்டது. அப்படி ஏற்றிய பேட்டரியில் மிச்சமிருக்கும் கொஞ்ச ஆற்றலில், யாரிடமும் கேட்காமல் கையிலேயே யோசித்து முடிக்கிற கருவிக்கு என்ன மதிப்பு என்று அன்றைக்குத் தெரிந்தது.

பயிர் நோயையே எடுத்துக்கொள்வோம். குலைநோய்ப் புள்ளி கண் வடிவில், நடுவில் சாம்பல் நிறமாக, ஓரம் பழுப்பாக இருக்கும். செம்புள்ளி நோயில் புள்ளி எள் அளவில், முட்டை வடிவில் வரும். ஆரம்பத்தில் இரண்டையும் குழப்பிக்கொள்வது எளிது. தவறான மருந்தடித்துவிட்டுப் பணம் போனவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே சேர்ந்திருக்கும் அனுபவத்தின் ஒரு துளியைப் பயிற்சியாகப் பெற்ற சிறு வலைப்பின்னல், இணையம் இல்லாத கைப்பேசியில், பேட்டரியைக் குடிக்காமல் ஓட முடியுமென்றால், அதற்கான அடிப்படை வேலை ஐரிஸ் போன்ற சில்லுகளில்தான் நடந்திருக்கிறது. இன்று நடுத்தர விலைக் கைப்பேசிகளிலும் வலைப்பின்னலுக்கென்று தனிப்பகுதி சில்லிலேயே இருக்கிறது. என் சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டார்: “சரி தம்பி, எங்கள் வயல் இலையை அது பார்த்திருக்கிறதா?” சில்லு வடிவமைப்பாளரால் பதில் சொல்ல முடியாத கேள்வி. படம் சேர்க்கிறவர்கள்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி கேட்டால் எழுதிப் பதில் சொல்கிற பெரிய மொழி மாதிரிகளின் கதை இன்னும் கடினம். 2020-இல் வந்த ஜி.பி.டி.-3 மாதிரியில் 17,500 கோடி எடைகள். ஒவ்வொன்றையும் 16 பிட்டில் வைத்தாலும் 350 ஜிகாபைட். ஒரு சொல்துண்டை உருவாக்க அத்தனை எடைகளையும் ஒருமுறை நினைவகத்திலிருந்து எடுத்தாக வேண்டும். ஹாரோவிட்ஸின் பழைய அட்டவணையை வைத்துப் பார்த்தால் ஒரு சொல்துண்டுக்கு எடுத்துவரும் கூலி மட்டும் 56 ஜூல். 9 வாட் எல்.இ.டி. பல்பு ஆறு நொடி எரிகிற ஆற்றல். இன்றைய நினைவகங்கள் அதைவிடச் சிக்கனமானவை. அதோடு, தரவு மையத்தில் ஒருமுறை எடுத்த எடையைப் பல பேருடைய கேள்விகளுக்கும் ஒரே நேரத்தில் பயன்படுத்திக்கொள்வார்கள். லாரி நிறைய மூட்டை ஏற்றினால் மூட்டைக்கு வாடகை குறைவதுபோல. கையில் இருக்கும் கருவிக்கு அந்த வசதி இல்லை. அதில் கேட்கிறவர் ஒருவர்தான். ஒரு மூட்டைக்கும் முழு லாரி. கைப்பேசியில் மொழி மாதிரியைக் கொண்டுவர எல்லோரும் எடைகளை 4 பிட்டுக்குச் சுருக்கப் பாடுபடுவதன் காரணம் இதுவே.

நடையே வேண்டாம் என்று இன்னொரு கூட்டம் முயல்கிறது. எண் இருக்கும் நினைவகத்துக்குள்ளேயே பெருக்கலை நடத்திவிடுவது. எடைகளை நினைவகச் சிற்றறைகளில் வைத்து, மின்னோட்டங்கள் தாமாகச் சேர்வதையே கூட்டலாக எடுத்துக்கொள்கிறார்கள். தாளில் அழகாக இருக்கிறது. ஆனால் சேர்ந்து வந்த மின்னோட்டத்தைத் திரும்ப எண்ணாக மாற்றும் சுற்று, மிச்சம் பிடித்த ஆற்றலில் பெரும் பகுதியைத் தானே எடுத்துக்கொள்கிறது. சூடு ஏறினாலோ, சிற்றறைகள் ஒன்றுக்கொன்று சற்றே மாறுபட்டாலோ விடை வழுக்குகிறது. ஸீயும் எமரும் தங்கள் குழுவோடு இவ்வகைச் சில்லுகளின் ஆற்றலைக் கட்டுவதற்கு முன்பே மதிப்பிடும் கருவிகளை உருவாக்கியிருக்கிறார்கள். எது உண்மையில் மிச்சம் பிடிக்கும், எது தாளோடு சரி என்பது அதில் தெரிந்துவிடும்.

எங்கள் ஊரில் அந்த முயற்சி வேறு வடிவில் ஏற்கெனவே வந்துவிட்டது. நடவு இயந்திரம் பாய் நாற்றைத் தன் முதுகிலேயே சுமந்துகொண்டு வருகிறது. முடி வீச ஆள் வேண்டாம், எட்டி எடுக்கவும் வேண்டாம். இந்தச் சம்பாவுக்கு வாடகைக்கு எடுத்துவந்தோம். மேட்டு வயலில் பிசிறில்லாமல் நட்டது. தெற்கே பள்ளக் கட்டத்தில் சேறு ஆழம், சமன்படுத்தியதும் சரியில்லை. சக்கரம் புதைந்து உறுமிக்கொண்டு நின்றுவிட்டது. டிராக்டர் வைத்து இழுத்தார்கள். மீதி நான்கு மா நிலத்துக்கு மறுநாள் பெண்களைக் கூப்பிட்டோம். முடி வீச ஆள் கிடைக்காமல் நானே இறங்கினேன். முதல் வரிசையிலேயே இரண்டு முடிகள் எட்டாத தூரத்தில் விழுந்தன.